ஊறும் நோவும்

‘உறு’ என்னும் வினையடி முதல் நீண்டு ‘ஊறு’ என நிற்பதனை, முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டாக இலக்கண ஆசிரியர் காட்டுவர். ‘பெறு’ என்பது ‘பேறு’ எனவும், ‘கெடு’ என்பது ‘கேடு’ எனவும் வருதல் போல்வது அது. அச்சொல்லுக்குப் பொருள் பலவாயினும் இரண்டு ஈண்டுக் கருதற்பாலன. மெய்யால் அறியப்படும் தொடுவுணர்ச்சி ஒன்று. காயம், தீங்கு, இடையூறு என்பன மற்றொன்று. ஒரு பொருள் உடலைச் சென்று உறுதலும் ஊறு. அவ்வாறு உற்றதனால் விளையும் தீங்கும் ஊறு.

நலமுள்ள உடலில் இவ்விரண்டும் வேறு வேறாகவே நிற்கின்றன. தாயின் கை நெற்றியிற் படுதலும் ஊறுதான். முள் காலில் தைத்தலும் ஊறுதான். முன்னையது ஆறுதல் தருவது, பின்னையது நோவு தருவது என்பதனைப் பச்சைக் குழந்தையும் அறியும். ஆயின் மனித உடலுக்கு நேரும் பிணிகளுள் இவ்வேறுபாட்டையே அழித்துவிடும் பிணியும் ஒன்றுண்டு. அங்கே சட்டைத் துணி உராய்தலும், மின்விசிறியின் காற்றுப் படுதலும், குளிர்ந்த நீர்த்துளி ஒன்று விழுதலும் தீப்பட்டாற் போன்ற வேதனையைத் தருகின்றன. ஊறு, வெம்மை, தண்மை, நோவு ஆகியவற்றை அளவுக்கு மீறி உணரும் இந்நிலையை மிகையுணர்ச்சி எனப் பொதுப்படக் கூறலாம்.

போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும், வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்நோயைச் சுமந்து வாழ்வோர் உளர். புறத்தே புண் காணப்படாமையால் அவர்தம் நோவு பிறரால் ஐயுறப்படுதலும் உண்டு. அந்நோவு எத்தன்மையது, எவ்வாறு பிறக்கின்றது, அதனைத் தணித்தற்குரிய வழிகள் யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலும் நரம்பும்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகைப்படுத்தினார். ஓரறிவுயிரின் அறிவு ஊற்றறிவே. ஏனைய புலன்கள் ஒவ்வொன்றாக அதன்மேற் கூடுவன. கருவிலிருக்கும் குழந்தைக்கு முதலில் தோன்றுவது தொடுவுணர்ச்சியே என்று இக்கால உடலியலாரும் கூறுவர். கண்ணுக்கும் செவிக்கும் உடலில் ஓரிடமே உண்டு. ஊற்றுணர்ச்சிக்கோ உடல் முழுவதும் இடமாகும்.

ஆயினும் ஊறு என்பது தனியோர் உணர்ச்சியன்று. அழுத்தம், அதிர்வு, வெம்மை, தண்மை, நோவு எனப் பல உணர்ச்சிகள் தோலின் வழியாக அறியப்படுகின்றன. அவற்றை முண்ணாணுக்குக் கொண்டு செல்லும் நரம்பு நார்களும் ஒரு தன்மையன அல்ல. மென்மையான தொடுகையை உணர்த்தும் நார்கள் பருத்தவை, கொழுப்புறை போர்த்தவை. செக்கனுக்கு ஏறக்குறைய 50 மீற்றர் வேகத்திற் செய்தியைக் கடத்துவன. நோவையும் வெம்மை தண்மையையும் உணர்த்தும் நார்களோ மெல்லியவை. அவற்றுட் சில சற்றே உறை போர்த்தவை; அவை ஓரளவு விரைந்து கடத்தும். உறையே இல்லாத ஏனையவை செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவே கடத்தும்.

இருட்டில் நடப்பவன் காற்பெருவிரலைக் கல்லில் மோதிக்கொள்ளும்போது, கூர்மையான வலி ஒன்று உடனே தோன்றி மறைகின்றது. அவன் குனிந்து விரலைப் பற்றுவதற்குள், மந்தமாய் எரிவோடு கூடி நெடுநேரம் நிற்கும் வலி மற்றொன்று எழுகின்றது. முன்னையது உறையுள்ள நார் கொணர்ந்த செய்தி. பின்னையது உறையில்லாத நார் கொணர்ந்த செய்தி. காலிலிருந்து முண்ணாண் வரையுள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆகையால், இரண்டிற்கும் இடையே ஒரு செக்கன் கழிகின்றது.

இந்நார்களின் நுனியிலிருந்து வெம்மையை அறியும் கருவி யாது என்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. அம்மறையைத் திறப்பதற்கு உதவியது மிளகாய். 1970களில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வன்னியில் மிளகாய்ச் செய்கை செழித்தது. செத்தல் மிளகாய் இடித்தவர் மாலையில் இளஞ்சூட்டு நீரிற் கைகழுவினால், அந்நீர் கொதிநீர் போலச் சுடுவதை அறிவர். 1997இல் அமெரிக்க உடலியலாராகிய டேவிட் யூலியசும் அவருடன் ஆராய்ந்தோரும் இதன் காரணத்தைக் கண்டனர். நோவு நாரின் நுனியிற் புரதம் ஒன்று கதவுபோல் அமைந்துள்ளது. ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மை அக்கதவைத் திறக்கும். மிளகாயின் காரப்பொருளும் அதே கதவைத் திறக்கும். ஆகவே, மிளகாய் ‘எரிகின்றது’ என்று தமிழர் கூறிவந்தது வெறும் உவமையன்று. தீ அறிவிக்கப்படும் வழியாலேயே காரமும் நரம்புக்கு அறிவிக்கப்படுகின்றது. தண்மையை அறியும் கதவு 2002இலும், அழுத்தத்தை அறியும் கதவு 2010இலும் கண்டறியப்பட்டன. அழுத்தக் கதவைக் கண்டறிந்த ஆர்டெம் பற்றபூட்டியனுக்கும் யூலியசுக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மிகையுணர்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு இக்கண்டுபிடிப்பின் ஒரு பகுதி மிக இன்றியமையாதது. வெம்மைக் கதவு திறக்கும் அளவு எப்போதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. தோல் காயமுற்று அழற்சி அடையும்போது அங்கே சுரக்கும் இரசாயனப் பொருள்கள் அவ்வளவைத் தாழ்த்துகின்றன. 43 பாகையில் திறக்கவேண்டிய கதவு உடலின் இயல்பான சூட்டிலேயே திறக்கத் தொடங்குகின்றது. வெயிலிற் கன்றிய தோளில் இளஞ்சூட்டு நீர் ஊற்றினாற் பொறுக்க முடியாமற் போவதன் காரணம் இதுவே. நீரின் சூடு மாறவில்லை. அதனை அளக்கும் கோல் மாறிவிட்டது.

காவலாய் அமையும் மிகையுணர்ச்சி

மிகையுணர்ச்சியை இரு கூறாக வகுத்தல் மருத்துவ நூலார் வழக்கு. இயல்பாகவே நோவு தருவதொன்று அளவுக்கு மீறிய நோவைத் தருமாயின் அதனை நோமிகை எனலாம். ஊசி குத்தினால் உளி பாய்ந்தாற்போல் வலித்தல் இதன்பாற்படும். இயல்பாக நோவு தராத தொடுகையோ, இளஞ்சூடோ, இளங்குளிரோ நோவு தருமாயின் அதனை ஊறுநோ எனலாம்.

இவ்விரண்டும் எஞ்ஞான்றும் நோய் ஆகா. காலில் தைத்த முள்ளை எடுத்த பின்னர், தைத்த இடம் மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்த தோலும் தொட்டால் நோகின்றது. அச்சூழ்தோலில் முள் படவேயில்லை. சேர் தோமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர் 1942இல் நோவைப்பற்றி வெளியிட்ட நூலில் இத்தகைய நோவை விரிவாக ஆராய்ந்தார். இது புண்ணுக்கு உடல் இடும் வேலி என்க. வேலிக்குள் எதுவும் நுழையாதபடி நோவு காவல் செய்கின்றது. நடப்பவன் அக்காலை ஊன்றாது விந்தி நடக்கின்றான். புண் ஆறுதற்கு வேண்டிய ஓய்வு அதனாற் கிடைக்கின்றது. புண் ஆறியதும் வேலி தானே நீங்கிவிடும்.

இக்காவல் இல்லையாயின் நேரும் கேட்டைத் தொழுநோய் காட்டுகின்றது. 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய போல் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர், தொழுநோயாளரின் விரல்கள் குறைந்துபோவது ஏன் என ஆராய்ந்தார். நோய் தானாகவே தசையை அழுகச் செய்கின்றது என்பதே அதுவரை பலரும் கொண்டிருந்த கருத்து. பிராண்ட் கண்டதோ வேறு. நோய் நரம்பைக் கெடுத்து நோவுணர்ச்சியைப் போக்கிவிடுகின்றது. நோவை அறியாதவன் சூடான பாத்திரத்தைக் கையிலிருந்து விடான். காலில் ஆணி ஏறினாலும் நடந்துகொண்டே இருப்பான். இவ்வாறு நாள்தோறும் அறியாமல் ஏற்படும் காயங்களே உறுப்பை அழித்தன. நோவு உயிருக்குப் பகையன்று, காவலன் என்பதனை உலகுக்கு உணர்த்தியோருள் பிராண்ட் குறிப்பிடத்தக்கவர்.

காவல் நோயாகும் இடம்

ஆயினும் புண் ஆறிய பின்னும் வேலி நீங்காது நிற்குமிடங்கள் உள. அப்போது காவலே நோயாகின்றது.

ஊரவர் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு அக்கி. சிறுவயதிற் கொப்புளிப்பான் உண்டாக்கிய வைரசு நரம்பு முடிச்சுக்களில் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த காலத்திலோ மீண்டும் எழுந்து, ஒரு நரம்பின் வழியே கொப்புளங்களைத் தோற்றுவிக்கின்றது. அக்கினி என்னும் பெயரின் திரிபாக வழங்கும் இந்நோயின் பெயரே அதன் தன்மையைச் சொல்லும். கொப்புளங்கள் ஆறியபின்னும் சிலருக்கு மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, அவ்விடத்தில் மேலாடை படுதலும் பொறுக்க முடியாததாகின்றது. நீரிழிவு முற்றியவர் சிலர் இரவிற் பாதங்கள் எரிவதாகக் கூறிப் போர்வையை அகற்றிவிடுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஊட்டக் குறைவும் இதனை உண்டாக்கவல்லது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியரிடம் கைதிகளாயிருந்தோர் பலர் பாத எரிவால் உறக்கமின்றி வருந்தினர்.

இவை எல்லாவற்றிலும் கொடியது காயமுற்ற நரம்பின் நோவாகும். அதனை முதன்முதலிற் செம்மையாக விளக்கியவர் சைலஸ் வெயர் மிச்செல் என்னும் அமெரிக்க வைத்தியர். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நரம்புக் காயமுற்ற போர்வீரருக்கெனப் பிலடெல்பியா நகரில் அமைந்த வைத்தியசாலையில் அவர் பணிபுரிந்தார். தம்முடன் பணியாற்றிய இருவருடன் சேர்ந்து 1864இல் அவர் வெளியிட்ட நூல், துப்பாக்கிக் காயத்தால் நரம்புக்கு நேரும் கேடுகளை ஆராய்வது. குண்டு பாய்ந்த புண் ஆறிய பின்னர்க் கையிலோ காலிலோ ஓயாத எரிவு தொடங்குதலை அவர் கண்டார். அவ்வீரர் ஈரத்துணியைக் கையிற் சுற்றியபடியே திரிந்தனர். சப்பாத்துக்குள் நீர் ஊற்றிக்கொண்டனர். அருகில் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டும் சலசலப்பும், அறைக்குள் மற்றொருவர் நடக்கும் அதிர்வும் அவர்தம் நோவைப் பெருக்கின. போர்க்களத்தில் அஞ்சாது நின்றவர்கள் காற்று வீசுவதற்கு அஞ்சினர். இந்நோவுக்கு மிச்செல் வழங்கிய கிரேக்க மொழிப் பெயரின் பொருள் ‘எரிநோவு’ என்பதாகும்.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. நரம்பு நோய் உள்ளதுபோல் நடித்துப் போரிலிருந்து விலக முயல்வோரைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றியும் அதே மூவர் 1864இல் ஒரு கட்டுரை எழுதினர். நடிப்பைப் பிரித்தறிய வல்லவர்களே இந்நோவு நடிப்பன்று என்று சான்று பகர்ந்தனர்.

முண்ணாணில் நிகழும் மாற்றம்

புண் ஆறியபின்னும் நோவு எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடியோர் தோலைவிட்டு முண்ணாணை நோக்கத் தொடங்கினர். கனடிய உளவியலாராகிய ரொனால்ட் மெல்சாக்கும் பிரித்தானிய உடலியலாராகிய பற்றிக் வோலும் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தோலிலிருந்து வரும் செய்தி நேரே மூளைக்குச் செல்வதில்லை. முண்ணாணில் ஒரு வாயிலைக் கடந்தே செல்கின்றது. பருத்த நார்களின் செய்தி அவ்வாயிலை ஒடுக்கும். மெல்லிய நார்களின் செய்தி அதனை அகலத் திறக்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் ஆணைகளும் அதனைத் திறக்கவோ மூடவோ வல்லன என்பது அக்கொள்கை. அடிபட்ட முழங்காலைத் தேய்த்தால் வலி தணிவதன் காரணம் இதனால் விளங்கிற்று. அச்சமும் உறக்கமின்மையும் நோவைப் பெருக்குவதன் காரணமும் இதனாலேயே விளங்கிற்று. நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டனவாயினும், கொள்கையின் அடிப்படை நிலைத்துள்ளது.

1983இல் லண்டனில் ஆராய்ச்சி செய்த கிளிபோர்ட் வூல்ப் மற்றுமோர் உண்மையைக் கண்டார். காயத்திலிருந்து இடையறாது நோவுச் செய்தி வந்துகொண்டிருந்தால், அதனை ஏற்கும் முண்ணாண் நரம்புக் கலங்களே மாறிவிடுகின்றன. சிறு செய்திக்கும் அவை பேரளவில் எழுச்சி கொள்கின்றன. அதனினும் வியப்பானது, முன்னர் நோவுக் கலங்களைத் தூண்டாதிருந்த தொடுகைச் செய்தியும் அவற்றைத் தூண்டத் தொடங்குகின்றது என்பது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலில் இதற்கோர் உவமை காணலாம். இரு வாய்க்கால்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. இடையிலுள்ள வரம்பு உடைந்துவிட்டால், ஒரு வயலுக்கெனத் திறந்த நீர் மற்றை வயலை மூழ்கடிக்கும். துருசைத் திறந்தவனைக் குறை கூறிப் பயனில்லை. அதுபோலவே, தொடுகை தன் வாய்க்காலிலேயே வருகின்றது; இடைவரம்பு உடைந்தமையால் நோவாகப் பாய்கின்றது.

இம்மாற்றம் புறக்கண்ணுக்குத் தெரியாது, கதிர்ப்படத்திலும் தோன்றாது. ஆயினும் அது மெய்யான மாற்றமே.

வன்னி மண்ணில்

1983இல் தொடங்கிய போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் முடிந்தது. உயிர் தப்பிய ஏறக்குறைய 3 இலட்சம் மக்களுட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்திற் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியோருட் பலர் காயத்தின் எச்சத்தையும் உடன் கொண்டு சென்றனர்.

எறிகணைக் காயம் துப்பாக்கிக் காயத்தினும் ஒழுங்கற்றது. சிதறல்கள் பல திசைகளிற் பாய்ந்து நரம்புகளை அறுத்தும் நசித்தும் செல்கின்றன. எடுத்தால் மேலும் கேடு விளையும் இடங்களிற் கிடக்கும் துண்டுகளைச் சத்திர வைத்தியர் உடலிலேயே விட்டுவிடுவதும் உண்டு. போரின் இறுதி மாதங்களிற் பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மருந்து அரிதாக இருந்தது. காயமுற்ற வேளையிற் கடும்நோவு தணிக்கப்படாது நெடுநேரம் நீடித்தால், அது பின்னர் நிலைத்த நோவாக மாறும் வாய்ப்பு மிகுதி என்பது இக்கால ஆராய்ச்சியின் முடிபு. அந்நோக்கிற் பார்த்தால், வன்னியில் ஆறிய தழும்புகள் ஆறாத நோவைத் தாங்கி நிற்பது வியப்பன்று.

மிதிவெடியின் கேடு மற்றொரு வகையினது. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையைச் சூழ்ந்த நிலம் நெடுங்காலம் போர் முன்னரங்காக இருந்தமையால் மிதிவெடி செறிந்து கிடந்தது. போர் முடிந்த பின்னரும் அங்கே அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கை 1997இல் ஒட்டாவா நகரிற் கையெழுத்திடப்பட்டது. இலங்கை அதில் 2017 திசெம்பரில் இணைந்தது. மிதிவெடியாற் காலிழந்தவரின் எஞ்சிய காற்பகுதியில், அறுபட்ட நரம்பு மீண்டும் வளர முயன்று, செல்லவேண்டிய இடம் இன்றிச் சுருண்டு சிறு முடிச்சாகின்றது. அம்முடிச்சின்மேல் விரல் பட்டாலும் மின்னல் பாய்ந்தாற் போன்ற நோவு எழும். பொய்க்காலின் குழிவு அதனை அழுத்துமாயின் நடத்தலே அரிதாகும். வாடைக்காற்று வீசும் மாரியிற் குளிர் அதனைத் தூண்டுகின்றது. கச்சான் வீசும் கோடையில் வியர்வையும் உராய்வும் தூண்டுகின்றன. காலபோக வேலைக்குச் சேற்றில் இறங்கவேண்டியவனுக்கு இரண்டும் இடர்தான்.

இழந்த கால் இன்னும் இருப்பதாகவும், அதன் விரல்கள் மடங்கி நோவதாகவும் உணர்தலும் உண்டு. இதனை மாயவுறுப்பு எனலாம். மிச்செல் இதற்கு 1871இற் பெயரிட்டார். இல்லாத பாதத்தில் நோவு எவ்வாறு தோன்றும் என அயலவர் நகைப்பர். பாதம் இல்லையாயினும், மூளையிற் பாதத்துக்கென வகுத்த இடம் அழிந்துவிடவில்லை என்பதே விடை. தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களிற் கலிபோர்னியாவில் இதற்கு எளியதோர் உத்தியைக் கண்டார். நிலைக்கண்ணாடி ஒன்றை நடுவே நிறுத்தி, நலமுள்ள உறுப்பின் பிம்பம் இழந்த உறுப்பின் இடத்தில் தோன்றச் செய்தார். நலமுள்ள கையை நோயாளர் விரிக்கும்போது, இழந்த கையும் விரிவதாகக் கண் கூறுகின்றது. நெடுநாள் இறுகிக் கிடந்த மாயக்கை தளர்ந்ததெனச் சிலர் உரைத்தனர். எல்லோருக்கும் இது பயன்படுவதில்லை. ஆயினும் செலவு ஒரு கண்ணாடியின் விலையே.

வன்னியில் இந்நோயாளர் சுமக்கும் மற்றொரு சுமை பிறர் வாய்ச்சொல். ‘வேலைக்கு அஞ்சி நடிக்கின்றான்’ என்பர் சிலர். ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்பர் வேறு சிலர். மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியிட்ட நூலிலும் வன்னி மக்களைப்பற்றி 2010இல் எழுதிய ஆய்விலும், போரின் உளப்புண் தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றுதலை எடுத்துக்காட்டினார். உளப்புண் உண்டென்பது உண்மை. அது உறக்கத்தைக் கெடுத்து, அச்சத்தை வளர்த்து, நோவின் வாயிலை அகலத் திறக்கும் என்பதும் உண்மை. ஆயினும், மனம் நோவைப் பெருக்குகின்றது என்பதனால் நோவு பொய் என்றாகாது. காற்று தீயை வளர்க்கின்றது என்பதனால் தீ இல்லை என்று எவரும் கூறார்.

தணிக்கும் வழிகள்

இந்நோவை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. தணிக்கும் வழிகள் பல உள. தலைவலிக்கு உண்ணும் பரசிற்றமோல் போன்ற மாத்திரைகள் நரம்பு நோவுக்குப் பெரிதும் உதவுவதில்லை. மனச்சோர்வுக்கென முதலில் ஆக்கப்பட்ட அமிற்றிப்டிலின் சிறிய அளவிலும், வலிப்பு நோய்க்கென ஆக்கப்பட்ட கபாபென்டினும் முண்ணாணின் மிகையெழுச்சியைத் தணிக்கின்றன. இவற்றை வைத்தியரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ளல் வேண்டும். தமக்கு மனச்சோர்வு மருந்து தரப்பட்டதை அறிந்து, ‘என்னைப் பைத்தியம் எனக் கருதிவிட்டனர்’ என்று அதனை எறிந்துவிடுதல் கூடாது. ஒரே மருந்து இரு நோய்க்கு உதவுதல் மருத்துவத்திற் புதிதன்று. மிளகாயின் காரப்பொருளே களிம்பாகவும் ஒட்டுத்துணியாகவும் பயன்படுகின்றது. மீண்டும் மீண்டும் பூசப்படும்போது, முதலில் எரியச் செய்த அதுவே பின்னர் நார் நுனியை மரத்துப்போகச் செய்கின்றது.

மருந்துக்கு நிகரானது பயிற்சி. நோகும் உறுப்பை மறைத்து, அசைக்காது, எதுவும் படாது காத்தல் நோயாளரின் இயல்பு. புதிய புண்ணுக்கு அது தக்கது. பழைய நோவுக்கு அது தீது. தொடுகையே பெறாத தோல் மேலும் மேலும் கூச்சம் கொள்கின்றது. ஆகவே, உடற்பயிற்சி வைத்தியர் படிமுறையாகத் தொடுகையைப் பழக்குவர். முதலிற் பஞ்சினால் அவ்விடத்தின் ஓரத்தை மெல்ல வருடுதல், பின்னர்ப் பருத்தித் துணி, பின்னர்த் துவாய், இறுதியிற் சாக்குப் போன்ற சொரசொரப்பான துணி. நாள்தோறும் சில நிமிடம், பல தடவை இதனைச் செய்தல் வேண்டும். அரிசியோ பயறோ நிரப்பிய பாத்திரத்தினுள் கையை நுழைத்து அளைதலும் இப்பயிற்சிகளுள் ஒன்று. எந்த வீட்டு அடுக்களையிலும் இதற்கு வேண்டிய கருவி உண்டு.

காலிழந்தோர்க்குப் பொய்க்காலின் பொருத்தமே பாதி மருந்து. 1960களின் பிற்பகுதியிற் சிற்பியாகிய ராம் சந்திர சர்மாவும் சத்திர வைத்தியராகிய பி. கே. சேத்தியும் ஆக்கிய ஜெய்ப்பூர்க் கால், சப்பாத்தின்றி நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. ஆயினும் எஞ்சிய காற்பகுதி காலப்போக்கில் மெலிந்து உருமாறுவதால், குழிவை அவ்வப்போது சரிபார்த்தல் இன்றியமையாதது. இத்தனை நாளும் பொருந்திய கால் இப்போது நோகின்றது என்பவரிடம், ‘பழகிக்கொள்’ என்று கூறி அனுப்புதல் தகாது.

நம்புதலும் ஒரு மருந்து

நோவைப்பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1973இல் நிறுவப்பட்டது. அது 1979இல் நோவுக்கு வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, சில குறிப்புகளையும் உடன் சேர்த்தது. தமக்கு நோவு உண்டென ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உலகின் நோவாராய்ச்சியாளர் கூடி இதனை எழுதிவைக்க வேண்டியிருந்தமையே, இம்மதிப்பு எத்துணை அருகியது என்பதனைக் காட்டும்.

2009இல் முகாம்களிற் குழந்தைகளாயிருந்தோர் இன்று இளைஞர். அவருட் சிலர் கல்லூரிகளிற் பயில்கின்றனர். சிலர் ஆசிரியராயும் உள்ளனர். வகுப்பில் ஒரு மாணவன் பிறர் தோளிற் கைபோடும்போது பின்வாங்குவானாயின், அது செருக்கு அன்றாகலாம். மின்விசிறிக்குக் கீழ் இருக்க மறுப்பானாயின், அது பிடிவாதம் அன்றாகலாம். அவன் சட்டைக்குள் தழும்பு உண்டோ என்பதனை வகுப்பறிய வினவுதலும் ஒரு துன்பமே. தனியே அழைத்து, எது நோகின்றது, எவ்விடத்தில் இருந்தால் நலம் எனக் கேட்டு, அவன் கூறியதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் முண்ணாணின் இயல்பை முழுதும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அச்சம் குறைந்தால் நோவின் வாயில் சற்றே ஒடுங்கும். பிறர் நம்பினால் அச்சம் குறையும்.

ஊறு என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிட்ட உடலோடு வாழ்வோர் இம்மண்ணில் உளர். அவ்விரண்டையும் மீண்டும் பிரித்தெடுக்கும் பணி மெல்லவே நிகழும். அதில் வைத்தியருக்கு ஒரு பங்கும், நோயாளருக்கு ஒரு பங்கும் உண்டு. எஞ்சிய பங்கு அவரோடு ஒரே வீட்டிலும் ஒரே வகுப்பிலும் ஒரே வயலிலும் இருப்போருடையது.